கார் கண்ணாடி ஏறி இறங்கிய கதை



பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார். "சார், கார் வாங்கி எட்டு வருஷம் ஆச்சு. பின்கதவு கண்ணாடி பாதி வரைக்கும் ஏறி நின்னுடுது. கையால தூக்கிவிட்டாத்தான் மூடுது. மெக்கானிக் மோட்டாரை மாத்தணும்னு சொல்றார். மாத்தலாமா?"

இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரே வகுப்பில் எல்லாப் பாடமும் நடத்திப் பழகியவன் நான். அறிவியலையும் வரலாற்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது கட்டாயம் படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. உலகின் முதல் காரில் எத்தனை கண்ணாடி இருந்தது? ஒன்றுகூட இல்லை! 1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டிக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கார் என்றால் திறந்த வண்டிதான். மழை வந்தால் கேன்வாஸ் திரையைப் பக்கவாட்டில் மாட்டிக்கொள்வார்கள். வெளியே பார்ப்பதற்கு அதில் செல்லுலாய்டு தகட்டைச் சிறு சதுரமாகத் தைத்திருப்பார்கள். நம் ஊர் ஆட்டோவில் மழைக்கு இறக்கிவிடும் படுதாவை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான்.

மூடிய வண்டியில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் வழி ஏற்கெனவே குதிரை வண்டியிலும் ரயிலிலும் இருந்தது. இங்கிலாந்தின் பழைய ரயில் பெட்டிக் கதவுகளில் கண்ணாடியின் அடியில் ஒரு தோல் வாரைக் கட்டியிருப்பார்கள். வாரில் வரிசையாக ஓட்டைகள். வேண்டிய உயரத்துக்கு இழுத்து, ஓட்டையைப் பித்தளைக் குமிழில் மாட்டினால் கண்ணாடி அங்கேயே நிற்கும். இடுப்பு பெல்ட்டில் ஓட்டை மாற்றிப் போடுகிறோமே, அதே கணக்கு. பழைய ஆடம்பரக் கார்களும் இந்தத் தோல் வாரைத்தான் கடன் வாங்கின.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சாலைகளில் திறந்த கார்களே அதிகம். 1922-ஆம் ஆண்டு மாடலாக ஹட்சன் நிறுவனம் கொண்டுவந்த எசெக்ஸ் கோச் போன்ற விலை குறைந்த மூடிய கார்கள் நிலைமையை மாற்றின. பத்தாண்டு முடிவதற்குள் மூடிய கார்தான் வழக்கம் என்றாகிவிட்டது. அப்போது எல்லோருக்கும் ஏற்ற, எளிதில் இயக்கக்கூடிய ஒரு கருவி தேவைப்பட்டது. கைப்பிடியைச் சுற்றினால் பற்சக்கரம் திரும்பும், கத்தரிக்கோல் போன்ற இரும்புக் கைகள் விரியும், கண்ணாடி மேலே ஏறும். உதிரிபாகக் கடைகளில் இன்றும் இதை "வைண்டிங் மெஷின்" என்றுதான் கேட்பார்கள்.

எல்லோரும் உடனே கைப்பிடிக்கு மாறிவிடவில்லை. 1959-ல் இங்கிலாந்தில் வந்த மினி காரில் கண்ணாடி பக்கவாட்டில்தான் நகரும். கதவுக்குள் இயந்திரம் இல்லாததால் அந்த இடத்தைப் பொருள் வைக்கும் பையாக மாற்றிவிட்டார்கள். 1969 வரை இதே ஏற்பாடுதான். பிரான்சின் சிட்ரோன் 2சி.வி. காரில் முன்பக்கக் கண்ணாடியின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிட வேண்டும். நம் நாட்டு அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1983-ல் வந்த மாருதி 800 ஆகிய எல்லாவற்றிலும் கைப்பிடிதான். என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கைப்பிடியின் சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கைப்பிடியைச் சுற்றும்போது கண்ணாடி இறுகுவது நம் கைக்குத் தெரியும். நேற்றைவிட இன்று கொஞ்சம் கனக்கிறதே என்று தோன்றும். இன்னும் அழுத்திச் சுற்றினால் உடைந்துவிடும் என்ற பயமும் வரும். குழந்தையின் விரல் மாட்டினால் அந்தக் கணமே கை நின்றுவிடும். அந்தக் கைப்பிடி நமக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருந்த ஒரு கருவி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ஏறும் வசதியை 1940-ன் இலையுதிர் காலத்தில், 1941 மாடல் 180 வரிசைக் கார்களில், அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் கொண்டுவந்தது. அது முழுக்க மின்சாரத்தால் இயங்கியது அல்ல. மின்மோட்டார் ஒரு பம்பை ஓட்டும். பம்பு எண்ணெயைக் குழாய் வழியாகக் கதவுக்குள் இருக்கும் உருளைக்குத் தள்ளும். அந்த அழுத்தத்தில் கண்ணாடி ஏறும். பள்ளியில் படித்த பாஸ்கல் விதி நினைவிருக்கிறதா? அதேதான். போருக்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலும் இந்த முறை வந்தது. இந்த வகைக் கருவிகளில் பிரேக் எண்ணெய் ஓடியது. அது கசிந்தால் காரின் பெயிண்ட் கெட்டுவிடும். கண்ணாடி ஏறாமல் போவதைவிட இந்தக் கசிவுதான் பெரிய தலைவலி.

1951-ல் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் எண்ணெயை விட்டுவிட்டு, முழுக்க மின்சாரத்திலேயே கண்ணாடியை இயக்கியது. இன்று உங்கள் கார்க் கதவில் இருப்பது அதன் வழித்தோன்றல். உள்ளங்கைக்குள் அடங்கும் 12 வோல்ட் மோட்டார், அதன் முனையில் திருகு போன்ற பற்சக்கரம். மோட்டார் அந்தத் திருகைச் சுற்ற முடியும். ஆனால் கண்ணாடியின் எடை அதைத் திருப்பிச் சுற்ற முடியாது. சுவிட்சிலிருந்து கையை எடுத்தாலும் கண்ணாடி கீழே இறங்காமல் நிற்பதற்கு இதுவே காரணம். கத்தரி போன்ற இரும்புக் கைகளுக்குப் பதிலாகப் பல கார்களில் மெல்லிய கம்பி வடமும் பிளாஸ்டிக் உருளைகளும் வந்தன. நம் ஊர்க் கிணற்றில் கயிறும் கப்பியும் இருந்ததுபோல. எடை குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் 1990-களின் இறுதியில் வந்த நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஜெட்டா கார்களில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கவ்வி உடைந்து, கண்ணாடி கதவுக்குள்ளேயே விழுந்துவிடுகிறது என்பது அமெரிக்காவில் பரவலான புகாராக இருந்தது.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கண்ணாடி 80 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம், 3.2 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 1,280 கன செ.மீ. ஒரு கன செ.மீ. கண்ணாடி சுமார் இரண்டரை கிராம். ஆக 3,200 கிராம், அதாவது 3.2 கிலோ. எட்டு வருஷத்தில் கண்ணாடியின் எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. பிறகு ஏன் மோட்டார் திணறுகிறது? கூடியது எடை அல்ல, உராய்வு.

கதவுச் சட்டத்தின் இரு பக்கமும் கண்ணாடி ஓடுவதற்கு ஒரு ரப்பர் தடம் இருக்கிறது. கடைகளில் பீடிங் என்பார்கள். அதன் உள்பக்கம் வெல்வெட் போல மெல்லிய இழைகள் ஒட்டியிருக்கும். நாள்பட நாள்பட அதில் புழுதி படிகிறது, மழையில் சேறாகிறது, வெயிலில் காய்ந்து கட்டியாகிறது. ரப்பரும் வெயில் பட்டுக் கடினமாகிறது. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரின் ஓரம் உரிந்து தடத்துக்குள் மடங்கிக்கொள்வதும் உண்டு. கறுப்பு ஃபிலிமும் அப்படித்தான். அது ஒட்டக்கூடாது என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆகவே அதைப்பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

கைப்பிடி இருந்த காலத்தில் இந்த இறுக்கம் முதல் மாதமே கைக்குத் தெரிந்திருக்கும். மோட்டாரோ குறை சொல்லாமல் இழுக்கிறது. கொஞ்சம் மெதுவாகிறது, கொஞ்சம் சூடாகிறது. நாம் கவனிப்பதில்லை. கடைசியில் ஒருநாள் பாதியில் நிற்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அப்போது பழி மோட்டார் மீது விழுகிறது. பல மோட்டார்களுக்குள் சூடு அதிகமானால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு இருக்கிறது. சில நிமிடம் கழித்து மறுபடி ஓடினால், மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, பாரம்தான் அதிகம் என்று பொருள்.

ஆகவே பணம் செலவழிப்பதற்கு முன் காதால் பாருங்கள். சுவிட்சை அழுத்தினால் மோட்டார் சத்தம் கேட்கிறது, கண்ணாடி மட்டும் அசையவில்லை என்றால், கம்பி வடமோ கவ்வியோ அறுந்திருக்கலாம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், சுவிட்ச், கதவு கீலருகே மடங்கி மடங்கி அறுபடும் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது வேகமாகவும், ஓடாதபோது மெதுவாகவும் ஏறினால் பேட்டரியைப் பாருங்கள். கீச்சென்று தேய்ந்துகொண்டு மெதுவாக ஏறினால், முதல் சந்தேகம் ரப்பர் தடத்தின் மீதுதான். கையால் தூக்கிவிட்டால் மூடுகிறது என்று மாணவர் சொன்னது இந்தக் கடைசி வகையைப் போலத் தெரிகிறது. ஒருமுறை சுத்தம் செய்து பார்த்துவிட்டுப் பிறகு மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம்.

சுத்தம் செய்வது எப்படி? கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். பழைய பிளாஸ்டிக் ஸ்கேலிலோ ஐஸ் குச்சியிலோ ஈரத்துணியைச் சுற்றி, தடத்துக்குள் விட்டு மேலிருந்து கீழாகத் துடையுங்கள். லேசான சோப்புத் தண்ணீர் போதும். துணி அழுக்கில்லாமல் வரும்வரை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சிலிகான் ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயைத் தடத்துக்குள் வைத்து, இரண்டு பக்கமும் சிறிதளவு அடியுங்கள். நான்கைந்து முறை கண்ணாடியை ஏற்றி இறக்குங்கள். கண்ணாடியில் ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள். முன்பக்கப் பெரிய கண்ணாடியில் மட்டும் பட்டுவிடக் கூடாது, இரவில் எதிர் வண்டி வெளிச்சம் மங்கலாகப் பரவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முக்கியமாக மழைக்காலத்துக்கு முன், இதைச் செய்தால் போதும்.

"வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறதே, கிரீஸ் இருக்கிறதே, அது ஆகாதா சார்?" என்று கேட்பீர்கள். ஆகாது. இந்த ரப்பர் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற வகை. 1960-களில் சந்தைக்கு வந்தது. வெயிலையும் மழையையும் தாங்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். எஞ்சின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் எல்லாமே அந்தக் குடும்பம்தான். தேங்காய் எண்ணெயோ புழுதியை ஒட்டவைத்துப் பிசினாக்கிவிடும். எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூ.டி.40 கூட 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஏவுகணைகளைத் துருப்பிடிக்காமல் காப்பதற்கு ஈரத்தை விரட்டும் திரவமாக உருவானது. நாற்பதாவது முயற்சியில் வெற்றி கிடைத்ததால் பெயரில் 40. அது செய்யும் வேலை வேறு, இந்த ரப்பருக்கு வேண்டியது வேறு.

சிலிகானின் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஃபிரெடெரிக் கிப்பிங் என்ற வேதியியல் பேராசிரியர் சிலிக்கன் சேர்மங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். சிலிகான் என்று பெயர் வைத்தவரும் அவரே. ஆனால் இந்தத் துறையில் உடனடியாகப் பெரிய முன்னேற்றம் வரும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. 1937-ல் வெளியான அவருடைய உரையும் அந்தப் பொருளில்தான் இருந்தது. ஆறே ஆண்டுகள். 1943-ல் டவ் கார்னிங் என்ற நிறுவனம் சிலிகானுக்கென்றே தொடங்கப்பட்டது. அதன் முதல் பொருள், உயரே பறக்கும் போர் விமானங்களின் எஞ்சின் மின்பொறி அமைப்பில் ஈரம் புகாமல் காத்த ஒரு பசை. அன்று விமானத்துக்குப் போனது இன்று நம் கார்க் கதவுக்கு வந்திருக்கிறது. தன் உழைப்பு எங்கே போய்ச் சேரும் என்று உழைத்தவருக்கே தெரிவதில்லை, பாருங்கள்.

கதவுக்குள் இருக்கும் இரும்புக் கைகள், பற்கள், தண்டவாளம் ஆகியவற்றுக்கு மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ். கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டிய வேலை அது. மெக்கானிக்கிடமே விடுங்கள். கழற்றும்போது கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்றால் துரு பிடிக்கும்.

இனி முக்கியமான பகுதி.

மோட்டார் வந்தபோது நாம் இழந்தது ஒன்று உண்டு என்று சொன்னேன் அல்லவா? கைக்கு இருந்த உணர்வு. மோட்டாருக்கு ரப்பரும் ஒன்றுதான், குழந்தையின் விரலும் ஒன்றுதான், கழுத்தும் ஒன்றுதான். அமெரிக்காவில் குழந்தைகள் இறந்த பிறகுதான் விதிகள் இறுகின. 1971 முதல் அங்கே இதற்கென்று பாதுகாப்பு விதி நடப்புக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும் குழந்தையின் முழங்கால் சுவிட்சில் பட்டு, கண்ணாடி மேலேறுவது பெரிய ஆபத்தாக இருந்தது. 2005-ல் வந்த சட்டம், சுவிட்சை மேல்நோக்கி இழுத்தால் மட்டுமே கண்ணாடி மூட வேண்டும் என்றது. உங்கள் கார் சுவிட்சை மூடுவதற்கு விரலால் தூக்க வேண்டியிருக்கிறதே, அதன் காரணம் இதுதான். அந்தச் சின்ன வளைவுக்குப் பின்னால் சில குழந்தைகளின் உயிர் இருக்கிறது.

இழந்த உணர்வை இயந்திரத்துக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்கவும் முயன்றார்கள். ஏதாவது தடுத்தால் மோட்டார் வேகம் குறைவதை உணர்ந்து, கண்ணாடி தானே கீழிறங்கும் ஏற்பாடு வந்தது. அதற்கு விதிகள் வைத்த எல்லை 100 நியூட்டன், சுமார் 10 கிலோ எடையின் அழுத்தம். அதைத் தாண்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஆனால் இந்த வசதி பல கார்களில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்கு மட்டும்தான். குழந்தை உட்காருவதோ பின் இருக்கையில்! இன்னொன்று: காய்ந்த ரப்பரின் இறுக்கத்தையும் இந்தக் கருவி தடை என்று எண்ணி, கண்ணாடியை இறக்கிவிடும். உடனே சிலர் சுவிட்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கட்டாயமாக மூடப் பழகுகிறார்கள். சில கார்களில் அப்படிப் பிடித்தால் பாதுகாப்பு வேலை செய்யாது. அழுக்கைத் துடைக்காமல் காவலைத் துரத்துவது போன்றது இது.

கண்ணாடி தடையின்றி இறங்குவதும் உயிர்க்காரியம்தான். சாலையோரம் கிணறும் வாய்க்காலும் ஏரியும் உள்ள ஊர்கள் நம்முடையவை. கார் தண்ணீரில் இறங்கிவிட்டால் மின்சாரம் வேலை செய்யும் அந்தச் சிறிது நேரத்துக்குள் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். தண்ணீர் அழுத்தத்தில் கதவு திறக்காது. பாதியில் நிற்கும் கண்ணாடியோடு அந்த நேரத்தில் போராட முடியாது.

எனவே, கார் வைத்திருக்கும் பிள்ளைகளே, மாப்பிள்ளை மருமகள்களே, இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு கண்ணாடியையும் ஏற்றி இறக்கி, எது மெதுவாக ஏறுகிறது என்று பாருங்கள். உங்கள் காரில் தடுத்தால் திரும்பும் வசதி எந்தெந்தக் கண்ணாடிக்கு இருக்கிறது என்று கையேட்டில் படியுங்கள். சோதிக்க வேண்டுமென்றால் சுருட்டிய துண்டை வைத்துச் சோதியுங்கள், கையை வைக்காதீர்கள். ஓட்டுநர் பக்கம் பின்கண்ணாடிகளைப் பூட்டும் பொத்தான் இருக்கும். குழந்தை ஏறியதும் அதை அழுத்துவதைப் பழக்கமாக்குங்கள். மூடுவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "கண்ணாடி ஏத்துறேன், கையை எடு" என்று வாயால் சொல்லுங்கள். குழந்தையைக் காரில் தனியே விட்டு, சாவியையும் உள்ளே விட்டுவிட்டுக் கடைக்கு இறங்காதீர்கள், இரண்டே நிமிடம் என்றாலும்.

உங்கள் காரில் இந்தத் தொல்லை இருந்து, சரிசெய்த அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். மெக்கானிக் வேலையில் இருக்கும் நம் மாணவர்கள் கூடுதல் விவரம் தந்தால் எல்லோருக்கும் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்